இரும்பில் எழுதிய மரம்

1947ஆம் ஆண்டின் செவர்லே ஃப்ளீட்மாஸ்டர் காரில் ஏறி உட்கார்ந்தால் எதிரே ஒரு மரப்பலகை. வேகமானியும் பெட்ரோல் மீட்டரும் பொத்தான்களும் அதில்தான் பதிந்திருக்கின்றன. கதவுக் கண்ணாடிகளைச் சுற்றியும் அதே பழுப்பில் சட்டங்கள். அக்ரூட் மரத்தின் கருவரிகள் நீளவாட்டில் ஓடி, ஓரத்துக்குப் போகப் போக இருண்டு முடிகின்றன. விரல் கணுவால் தட்டினால் தகரச் சத்தம் கேட்கும். அச்சில் அழுத்திய எஃகுத் தகட்டின் மேல் பெயின்டால் எழுதிய மரம் அது.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைகளில் இந்தப் பலகையைப் பற்றி மூன்று விதப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். சுரண்டிவிட்டு ஒரே கலரில் அடித்துவிடலாம் என்பார் ஒருவர். மர டிசைன் ஸ்டிக்கர் கிடைக்கிறது, ஒட்டினால் ஒரு நாள் வேலை என்பார் இன்னொருவர். காசைப் பார்க்காத உரிமையாளர் ஒருவர், பொய் மரம் எதற்கு, அசல் தேக்கு வெனீரையே ஒட்டுங்கள் என்று சொல்லிவிடுவார். மூன்றாவதைக் கேட்கும்போதுதான் எனக்கு அதிகம் பதறுகிறது. முதல் இரண்டும் சிக்கனத்தில் பிறந்தவை. எப்போதாவது யாராவது திருத்திவிட முடியும். மூன்றாவது அன்பினால் நடக்கும் அழிப்பு. அசலைத் தருவதாக நினைத்துக்கொண்டு அந்தக் காரின் அசலையே எடுத்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த உரிமையாளரை மனதில் வைத்து எழுதியது.

பெயின்ட் மரம் காருக்குள் வந்தது கார் ஓர் அறையாக மாறியபோது. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் மூடிய கார். மற்றவை கித்தான் கூரையும் காற்றும் தூசியும். 1924இல் மூடிய கார்கள் 43 சதவீதம், 1927இல் 85 சதவீதம். ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் நூலில் தருகிற கணக்கு இது. பத்தாண்டுகூட ஆகவில்லை, மழையும் வெயிலும் வெளியே நின்றுவிட்டன. உள்ளே கம்பளித் துணி போர்த்திய இருக்கை வந்தது, கூரைக்கு உள்துணி வந்தது, பின் சன்னலுக்குத் திரை வந்தது. வீட்டு முன்கூடத்தில் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கூடம் என்றால் மரம் இருக்க வேண்டும். அந்தக் காலத்து மனிதர்களுக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் அதே ஆண்டுகளில்தான் மரம் காரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. குதிரை வண்டி கட்டியவர்களின் வழியாக வந்ததால் கார்களின் உடலும் ஆஷ் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியதாகவே வெகுகாலம் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் பட் என்பவர் முழுக்க எஃகாலேயே உடல் செய்ய முடியும் என்று காட்டினார். 1910களின் நடுவிலேயே டாட்ஜ் கார்கள் அவரிடம் உடல் வாங்கின. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பிரிவு மட்டும் மரச்சட்டத்தை எளிதில் விடவில்லை. 1935 மாடல்களில் கூரை ஒரே எஃகுத் தகடாயிற்று. 1937இல் செவர்லேயின் உடல் முழுவதும் எஃகாயிற்று.

இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளின் கார்களைப் பிரிக்கும்போது கிடைக்கிற காட்சி என்னை விடாமல் யோசிக்க வைத்திருக்கிறது. கதவின் உள்துணியை அகற்றினால் உள்ளே உண்மையான மரம். கீலையும் கண்ணாடியையும் தாங்கி நின்ற கட்டை. யார் கண்ணிலும் படாமல் தகட்டுக்கும் துணிக்கும் நடுவே இருந்து, தண்ணீர் இறங்கி மக்கியோ செல்லரித்தோ கிடக்கும். அதற்கு ஒரு முழம் மேலே, கண்ணாடியைச் சுற்றி, பெயின்ட் மரம் பளபளக்கும். வேலை செய்த மரம் மறைவில் இருந்தது. கண்ணுக்கு வேண்டிய மரத்தை எஃகு தாங்கியது. பிறகு மறைவில் இருந்ததும் போய்விட்டது, எழுதிய மரம் மட்டும் தங்கிற்று. ஆகவே அதை வெறும் அலங்காரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒரு பொருள் ஒரு தொழிலை விட்டுப் போகும்போது அந்தத் தொழில் அதன் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டதன் தடயம் அது.

நமக்கு இது புதிதும் இல்லை. செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் கல்லில் வெட்டிவைத்தான். மரத்தை விட்டுவிட்டோம் என்பதே அங்கே பெருமை. அடுத்த தலைமுறையில் மாமல்லபுரத்துப் பாறைகள் மரக் கட்டடங்களின் வடிவத்தையே எடுத்துக்கொண்டன. திரௌபதி ரதம் ஒரு கூரைக் குடிசை. பீம ரதத்தின் வளைந்த கூரையில் மரவேலைக்காரனின் கை தெரிகிறது. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச் சட்டங்களையும் ஆணிக் குமிழ்களையும் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடுங்கையைப் பார்த்து, இது போலிக் கூரை, இடித்துவிட்டு நிஜ மரத்தில் போடுங்கள் என்று எவரும் சொன்னதில்லை. கல் மரமாக நடிப்பதில் நாம் காண்பது கல்தச்சனின் கையை. எஃகு மரமாக நடிக்கும்போது மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

முகம் சுளித்தவர்களில் பெரியவர் ஜான் ரஸ்கின். 1849இல் வெளிவந்த ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலில், ஒரு பொருளின் மேற்பரப்பை வேறொரு பொருளாகத் தோன்றும்படி தீட்டுவதைக் கட்டடங்கள் சொல்லும் பொய்களில் ஒன்றாக அவர் சேர்த்தார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மலிவான பைன் பலகைக் கதவுகளெல்லாம் ஓக் போலத் தீட்டப்பட்டன. ஆனால் அதே அத்தியாயத்தில் அவர் ஒரு விலக்கும் தருகிறார். கட்டடத்தில் பூசிய தங்க முலாம் பொய் ஆகாது, ஏனென்றால் அதைக் கட்டித் தங்கம் என்று யாரும் நம்புவதில்லை. ரஸ்கினின் அந்த நீதியையே இங்கே வைத்துப் பார்க்கிறேன். மூன்று பக்கம் வளைந்து, மீட்டருக்கு வட்டமாகக் குழிந்து, ஒரே துண்டில் ஐந்தடி ஓடும் அந்தப் பலகையை எந்த ஆசாரியும் எந்த மரத்திலும் கடைந்திருக்க முடியாது. அதை மரம் என்று நம்பி யாரும் கார் வாங்கவில்லை. பார்க்க மரமாக இருக்கட்டும் என்று விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒன்று அது.

ரஸ்கின் திட்டிய அதே காலத்தில் அந்தக் கலை உச்சத்தில் இருந்தது. தாமஸ் கெர்ஷா என்ற ஆங்கிலேயப் பெயின்டர் மரமும் சலவைக்கல்லுமாகத் தீட்டிய பலகைகளை 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியிலும் 1855இல் பாரிஸ் கண்காட்சியிலும் வைத்துப் பரிசு பெற்றார். அவற்றில் சில இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகையில் நடுக்கூடத்துப் பைன் பலகைகள் 1797இல் மகாகனியாகத் தீட்டப்பட்டன. வெளிச்சுவர்ப் பலகைகளின் பெயின்டில் மணலைத் தூவிக் கல்லாக்கினார்கள். அந்த வீட்டைப் பாதுகாப்பவர்கள் இன்று அங்கே நிஜ மகாகனியை அறைவதில்லை. அதே பைனில், அதே முறையில் மறுபடி தீட்டியிருக்கிறார்கள். ஒரு குடியரசுத் தலைவரின் கூடத்துக்குப் பொருந்துகிற நியாயம் ஒரு செவர்லேக்கும் பொருந்தும்.

தீட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செய்கிற கை தெரியாததால்தான் இந்த வேலையை ஸ்டிக்கருக்குச் சமமாக நினைக்கிறார்கள்.

அடிநிலை எப்போதும் மரத்தின் மிக வெளிறிய நிறம். அக்ரூட் என்றால் சற்றுச் சிவந்த மணல் நிறம். அதன் மேல், உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்கு நீர்த்த கரும்பழுப்புப் பூச்சு. அது காய்வதற்குள் எல்லா வேலையும் நடக்க வேண்டும். நீண்ட மயிர் கொண்ட தூரிகையால் பூச்சின் மேல் அறைந்துகொண்டே போனால் மரத்தின் நுண்துளைகள் விழுகின்றன. ரப்பரிலோ எஃகிலோ செய்த சீப்பை இழுத்தால் நேர்வரிகள். ஓக்கின் குறுக்குச் செதில்களை நகக்கண்ணில் துணி சுற்றித் துடைத்து எடுக்கிறார்கள். வரைவதைவிட எடுப்பதுதான் அதிகம். ஆங்கிலேயப் பெயின்டர்கள் நீர்ப் பூச்சு பிடிப்பதற்காகப் புளித்த பியரைக் கலந்தார்கள். பியரில் உள்ள சர்க்கரை நிறத்தூளைப் பிடித்துவைக்கும். அக்ரூட்டுக்குரிய கருமைக்கு வான்டைக் பழுப்பு என்ற நிறத்தூள். அது மண்ணிலிருந்து எடுப்பது: பழுப்பு நிலக்கரியும் மக்கிய தாவரமும் கலந்த மண். என்றோ மடிந்து மண்ணான செடிகொடிகள்தான் அந்த மரத்துக்கு நிறம் தருகின்றன.

இதைக் காருக்குக் காராகக் கையால் செய்ய டெட்ராயிட்டுக்கு நேரம் இருக்கவில்லை. விலை உயர்ந்த வண்டிகளில் கைவேலை தொடர்ந்தது. மற்றவற்றுக்கு அச்சுக்கலையிலிருந்து ஒரு வழியை எடுத்தார்கள். செதுக்கிய உலோகத் தகடு ஒன்றை மேசையில் படுக்க வைத்து, அதில் மையைப் பூசி, கத்தி அலகால் வழிப்பார்கள். பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். மென்மையான உருளை ஒன்றை அதன் மேல் ஓட்டினால் மை உருளைக்கு ஏறிவிடும். அதே உருளையை டேஷ்போர்டின் மேல் ஒரே மூச்சில் ஓட்டினால் மரம் இறங்கும். தகட்டின் வளைவில் அழுத்தம் குறைந்தால் வரி வெளிறும், கூடினால் அப்பிவிடும். நின்று யோசித்தால் கோடு விழும். இன்னொரு வழி, கிளீவ்லாந்தின் டை-நாக் நிறுவனம் செய்த மெல்லிய படலம். அதை நனைத்துத் தகட்டின் மேல் வழுக்கிப் பதிப்பார்கள். டை-நாக் என்ற பெயர் இன்று த்ரீ-எம் நிறுவனத்தின் ஒட்டுப் படலங்களில் வாழ்கிறது.

செதுக்கிய தகடுகளில் சில, உண்மையான பலகை ஒன்றைப் படமெடுத்துப் பொறித்தவை. எங்கோ வெட்டுண்ட ஒரு மரம், அதன் ஒரே ஒரு பலகை, ஆயிரக்கணக்கான கார்களில் ஓடியது என்று இதற்குப் பொருள். அந்தக் கார்கள் கப்பலேறின. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் இருக்க முடியாது என்று அரசு 1953இல் முடிவெடுத்த பிறகே இங்கிருந்து போனது. ஜமீன்தார்களின் கொட்டகைகளிலும் மில் முதலாளிகளின் வீடுகளிலும் டாக்சி ஸ்டாண்டுகளிலும் நின்ற பிளஷர் கார்களில் அந்த வரிகள் ஓடின. நம் ஊர் வெயில் அவற்றின் மேல் விழுந்தது. ஊர் ஊராக அவை வேறு வேறு விதமாக வெளுத்தன.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் அப்படி வெளுத்த பலகை ஒன்று மறுபடி மரமாவதைப் பார்த்தேன். அங்கே வேலை செய்த பெயின்டர் லாரி பாடிகளுக்குப் பூவும் மயிலும் எழுதிப் பழகியவர். பழைய கார் வேலை பின்னால் வந்தது. அமெரிக்காவில் விற்கிற செதுக்குத் தகடும் உருளையும் தருவித்துக் கொடுக்கலாமா என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். காஷ்மீர் எம்போரியத்தில் வாங்கிய ஓர் அக்ரூட் மரத் தட்டு அவருடைய சன்னல் மேடையில் எப்போதும் இருந்தது.

“மரம்னு மனசுல நெனச்சுட்டு வரைஞ்சா கோடு கோடா வருமுங்க சார், வரிக்குதிர மாதிரி,” என்றார். “தட்டப் பாத்துப் பாத்து வரைஞ்சாத்தானுங்க வருது.”

“இந்த இடத்துல ஏன் அண்ணா வரி வளையுது?” என்று கேட்டேன்.

“அங்க ஒரு கெள இருந்திருக்குமுங்க. கெளயச் சுத்திக்கிட்டுத்தானே மரம் போகும்.”

இல்லாத கிளையைச் சுற்றி அவர் வரியை வளைத்துக்கொண்டிருந்தார்.

பழைய பூச்சைச் சுரண்டுவதற்கு முன்னால் அவர் செய்ததைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். முதலில் கடிகாரத்தைக் கழற்றினார். கடிகாரத்தின் வளையத்துக்கு அடியில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெயில் படாத மரம் இருந்தது. வெளியே தேநீர் நிறத்தில் வெளுத்திருந்த பலகை அங்கே செம்பழுப்பாக, ஈரம்போல ஆழமாக இருந்தது. சாம்பல் தட்டின் பின்புறம், மீட்டர் வளையங்களின் அடி, கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் ஓரங்கள், திருகாணிகளின் தலை மூடிய இடங்கள் எல்லாவற்றிலும் தொழிற்சாலையின் நிறம் அப்படியே பதுங்கியிருந்தது. பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் பலகையின் மேல் விரித்து, மிஞ்சியிருந்த வரிகளை மார்க்கரால் ஒற்றி எடுத்தார்கள். ஒரு வளைவு எங்கே தொடங்குகிறது, ஒரே சுழி எத்தனை அங்குலம் தள்ளி மறுபடி வருகிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் வந்துவிட்டது. சுழி மறுபடி வருவது உருளையின் சுற்றளவு. தொழிற்சாலை விட்ட கையெழுத்து என்று அதைச் சொல்லலாம்.

பிறகு பழைய பூச்சு மருந்தில் ஊறி உரிந்தது. துரு இருந்த இடங்களைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கழுவி, பிரைமர் அடித்து, பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த தூளாகப் பறக்க விடக் கூடாது. முகமூடி இல்லாமல் அந்த வேலையைச் செய்கிற இளைஞர்கள் நம் பட்டறைகளில் நிறைய. இதை யாராவது அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

அடிநிலைக்கு நம் பட்டறைகளில் டூகோ என்று சொல்லும் பெயின்டே அடித்தார். டியூபான்ட் நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சின் பெயர் அது. 1924 மாடல் ஓக்லாந்து கார்களில் முதலில் வந்தது. அதற்கு முன்பு காருக்கு வார்னிஷ் பெயின்ட் அடித்துக் காய வாரக்கணக்காகும். டூகோ அதை மணிக்கணக்காக்கியது. அந்தப் பலகை பிறந்த ஊரில் அடித்ததும் இதே இனத்துப் பூச்சுதான்.

வரிகளுக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் ஸ்டெய்னரும் கலந்து ஒரு கலவை. சைக்கிள் டியூபை வெட்டிப் பல் வைத்த சீப்பு, முனை தேய்ந்த ஷேவிங் பிரஷ், பழைய வேட்டித் துணி. ஒரே மூச்சில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனார். பிடிக்காதபோது துணியால் முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். எண்ணெய்க் கலவை காய நேரம் எடுப்பதால் இந்த வசதி. ஆனால் இதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. காயாத எண்ணெயின் மேல் தின்னர் கலந்த பூச்சை அடித்தால் வரி முழுவதும் சுருண்டு எழுந்துவிடும். நடுவில் அரக்குப் பாலிஷ் ஒரு மெல்லிய கோட் கொடுத்து இரண்டையும் பிரித்து வைத்தார். ஆசாரிகள் நாற்காலிக்குக் கொடுக்கிற அதே அரக்கு. எஃகில் எழுதிய மரத்தின் மேல் கடைசியில் மரத்தின் பூச்சே வந்து சேர்ந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

அதன் பிறகுதான் ஓரங்களை இருட்டுவது. நிறம் கலந்த தெளிந்த பூச்சை ஸ்பிரே கன்னில் தூரத்திலிருந்து ஊதி, விளிம்புகளில் மட்டும் கருமை ஏற்றுவார்கள். இந்த ஒரு படிதான் தட்டையான படத்தைப் பலகையாக்குகிறது. பெரும்பாலான புதுப்பிப்புகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஸ்டிக்கரில் இது வரவே வராது. மர டிசைன் படலம் மூலைகளில் வரியை அப்படியே குறுக்காகக் கொண்டுபோகும். தொழிற்சாலை செய்த சட்டங்களிலோ, நெடுக்குச் சட்டமும் கிடைச் சட்டமும் சேரும் இடத்தில் ஆசாரி இணைத்ததுபோல வரி திசை மாறும். சட்டத்தின் நீளத்தோடு வரி ஓட வேண்டும் என்பது மரவேலையின் முதல் பாடம். பெயின்டிலும் அந்தப் பாடத்தை மீறாதவர்களை நாம் மீறுகிறோம்.

மினுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று கிடைக்கிற யூரிதேன் கிளியர் கோட் கண்ணாடி மாதிரி நிற்கும். போட்டிகளுக்குப் போகிற கார்களில் அதை ஐந்தாறு கோட் ஏற்றி, தேய்த்து, மீண்டும் ஏற்றுகிறார்கள். பலகை தேன் ஊற்றி உறைந்ததுபோல் ஆகிவிடுகிறது. பார்க்க மயக்கமாக இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 1947இல் எந்தச் செவர்லேயும் அப்படி வெளிவரவில்லை. அந்தப் பூச்சு மெல்லியது. கிட்டப் போனால் உருளை ஓடிய இணைப்பு தெரிந்தது, ஒரு மூலையில் வரி சற்றே மங்கியிருந்தது. அந்த மங்கலையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. தொழிற்சாலையைவிட நன்றாகச் செய்துவிட்டோம் என்ற பெருமை, அங்கே வரிசையில் நின்று மணிக்கு இத்தனை பலகை என்று உருட்டிய தொழிலாளியின் கையை மூடிவிடுகிறது.

உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற துரின் சாசனமும் இந்தத் திசையில்தான் போகிறது. பாதுகாப்பது முதலில், பழுதைத் தடுப்பது அடுத்து, புதுப்பிப்பது அதற்கும் பிறகு. வண்டியின் மேல் காலம் விட்ட தடங்களும் வரலாற்றின் பகுதி என்கிறது. கட்டடங்களுக்கு 1964இன் வெனிஸ் சாசனம் சொன்னதைக் கார்களுக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் கோயில் தூண்களை மணல் பீய்ச்சிக் கழுவியதைப் பற்றிக் கொதித்துப் பேசுகிற நாம், அப்பா ஓட்டிய காரைப் பட்டறைக்கு அனுப்பும்போது ‘எல்லாவற்றையும் சுரண்டிப் புதுசாக்கிக் கொடுங்கள்’ என்று சொல்லிவிடுகிறோம்.

நிஜ மரத்துக்கு எதிராக நான் பேசவில்லை. ஜாகுவார் மார்க் 2 காரின் டேஷ்போர்டு பிளைவுட்டின் மேல் ஒட்டிய அக்ரூட் வெனீர். வேர்முண்டுகளில் தூங்கிக்கிடந்த மொக்குகள் கூட்டமாக முடிச்சிட்ட இடத்தை ஏடாகச் சீவி, அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம்போல விரித்து ஒட்டுகிற வேலையும் ஆங்கிலேயக் கார்களில் உண்டு. நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒரே உருவம் எதிரெதிராக நிற்கும். அங்கே வெனீர் எழும்பினால் அதே பசையால் படிய வைக்க வேண்டும், போனால் வெனீரே போட வேண்டும். பெயின்டால் தீட்டினால் அது குற்றம். மரத்துக்கு மரம், பெயின்டுக்குப் பெயின்ட் என்பதே என் கட்சி. ஒரு காரின் உள்ளறை எந்த விலைக்கு, எந்த வருமானத்துக்காரருக்கு, எந்தக் கனவை விற்றது என்பதை அந்தப் பலகைதான் சொல்கிறது. செவர்லேயில் தேக்கு வெனீர் ஒட்டினால், தன்னால் ஜாகுவார் வாங்க முடியாது என்று தெரிந்தே ஓர் அழகிய அறையை வாங்கிய பள்ளி ஆசிரியரையும் சிறு வியாபாரியையும் அந்தக் காரிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

மற்ற உள்வேலைகளிலும் இதே நிதானம் வேண்டும். பொத்தான்கள் பல செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக். வளைந்து, கிட்டப் போனால் வினிகர் வாடை அடித்தால் அவற்றின் ஆயுள் முடிந்தது. அச்செடுத்து வேறு ஊற்றலாம். கண்ணாடிச் சட்டத்தின் திருகாணிகளைக் குப்பையில் போடாதீர்கள். நான்முனைத் திருகாணி கார்த் தொழிலுக்குள் வந்ததே 1936 காடிலாக் கார்களில்தான். அதற்கு முந்திய வண்டியில் அது தெரிந்தால் பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அறியலாம்.

பழைய அமெரிக்கக் கார் ஒன்று உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ உறவினர் வீட்டிலோ தார்ப்பாய்க்குள் நிற்கலாம். பட்டறைக்கு அனுப்பும் முன் டேஷ்போர்டைத் தட்டிப் பாருங்கள். தகரமானால், கடிகாரத்தைக் கழற்றி அடியில் உள்ள நிறத்தைப் பகலில் படம் எடுங்கள். வரிகளைத் தாளில் ஒற்றி எடுத்து வையுங்கள். மரம் எழுதத் தெரிந்த பெயின்டர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கதவுக்கும் வாசல்காலுக்கும் ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். இப்போது வயதாகியிருக்கும், ஆனாலும் சிலர் இருக்கிறார்கள். அவருக்கு வெனீரின் விலையைக் கொடுங்கள். கையுறைப் பெட்டியின் உட்பக்கத்திலாவது ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பூச்சைத் தொடாமல் விட்டுவையுங்கள். அடுத்து வருபவர் எதைப் பார்த்து எழுதுவார்?